பீரோவைத் திறக்க முடியவில்லை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவருடைய பீரோவை இன்னும் திறக்கவில்லை. "எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துடும்மா, அப்பதான் மனசு ஆறும்" என்கிறாள் மகள். "தலைத்திவசம் முடியற வரைக்கும் தொடாதே" என்கிறார் நாத்தனார். சாவியைக் கையில் எடுத்தாலே கை நடுங்குகிறது. என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டு பேருமே உங்கள் மேல் உள்ள பிரியத்தில் சொல்கிறார்கள். ஆனால் இதற்கு நாள் குறித்துக் கொடுக்க யாராலும் முடியாது. எட்டு மாதம் ஒன்றும் அதிகமில்லை. பலரும் தடுமாறுவது வரிசையில்தான். எடுத்த எடுப்பில் சட்டையிலும் போட்டோவிலும் கை வைக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் உடைந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்புறம் ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கமே போவதில்லை. நினைவு குறைவாக ஒட்டியிருக்கும் பொருளிலிருந்து தொடங்குங்கள். பீரோ கடைசியில் வரட்டும்.

முதலில் மருந்து டப்பா. பிரிக்காத அட்டைகளை, பில் இருந்தால், வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். மீதி மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி, காபி வடிகட்டிய சக்கையோடு கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். அப்படியே போட்டால் தெரு நாயோ குழந்தையோ எடுத்து வாயில் போடும். இன்சுலின் ஊசிகள் இருந்தால் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடி, டேப் சுற்றி, பக்கத்து ஆஸ்பத்திரியிலோ லேபிலோ கொடுத்துவிடுங்கள். துப்புரவுத் தொழிலாளியின் கையில் குத்துவது பெரும்பாலும் இப்படிக் குப்பையோடு போகிற ஊசிதான்.

அடுத்து அவருடைய செல்போன். எட்டு மாதத்தில் யாராவது ரீசார்ஜ் செய்து வந்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். 90 நாள் பயன்பாடே இல்லாத பிரிபெய்டு எண்ணை நிறுவனம் துண்டித்துவிடலாம். 120 நாள் இணைப்பே இல்லாமல் கிடந்தால் வாட்ஸ்அப் கணக்கும் அழிந்துவிடும். ஆனால் உங்கள் போனில் அவர் அனுப்பிய செய்திகள் அப்படியேதான் இருக்கும், பயப்படாதீர்கள். அவர் குரலில் இருக்கும் ஆடியோக்களை மகளிடம் சொல்லி ஒரு பென்டிரைவிலும் ஒரு கம்ப்யூட்டரிலுமாக இரண்டு இடத்தில் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். "வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வரவா?" என்று கேட்ட ஆறு விநாடிக் குரல், பத்து வருஷம் கழித்து எந்த போட்டோவையும்விடப் பெரிதாகத் தெரியும். மின் இணைப்பு, கேஸ், காப்பீடு எல்லாம் உங்கள் பெயருக்கு மாறும்வரை அந்த எண் இருக்கட்டும். அதை வைத்து அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்க மட்டும் வேண்டாம். இறப்புச் சான்றிதழைக் கொடுத்து வங்கியில் முறைப்படி வாங்குங்கள்.

பிறகு பீரோ. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தட்டு, முக்கால் மணி நேரம். பாதியில் இருந்தாலும் மணியானதும் மூடிவிடுங்கள். உங்களை அவசரப்படுத்தாத ஒருவர் மட்டும் கூட இருக்கட்டும். "இது எதுக்கு இன்னும்?" என்று கேட்கிறவர் வேண்டாம். ஒவ்வொரு சட்டைப் பையையும் பேண்ட் பையையும் துழாவிப் பாருங்கள். லாக்கர் சாவி, அடகுச் சீட்டு, யாருக்கோ கொடுத்த கடனின் துண்டுச்சீட்டு எல்லாம் அங்கேதான் இருக்கும். காகிதம் எதையும் இந்தச் சுற்றில் கிழிக்காதீர்கள். ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். அதைத் தனியாக, பகல் வெளிச்சத்தில், மனம் தெளிந்த ஒரு நாளில் பார்க்கலாம்.

துணிகளில் வைத்துக்கொள்வது, கொடுப்பது, இன்னும் தெரியவில்லை என்று மூன்று குவியல் போடுங்கள். மூன்றாவது குவியல் பெரிதாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை; அதை மறுபடி உள்ளே வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், பாதியாகியிருக்கும். அவர் வாசனை இருக்கும் சட்டை ஒன்று இருந்தால் துவைக்காமல் ஜிப் கவரில் வைக்கலாம். வியர்வை இருக்கும் துணியைத் திறந்து வைத்தால் பூச்சி அரிக்கும், மஞ்சளும் ஏறும். பட்டு வேட்டியை வைத்துக்கொள்வதானால் மடிப்பை மாற்றி மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் இற்றுப்போகும். பாச்சை உருண்டை ஜரிகையில் படக் கூடாது.

கொடுப்பதைத் துவைத்து, தேய்த்து, பித்தான் தைத்துக் கொடுங்கள். ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்: அதே தெருவில் ஒருவருக்குக் கொடுத்தால், என்றோ ஒருநாள் காலையில் கோலம் போடும்போது அந்தக் கட்டம் போட்ட சட்டை எதிரே நடந்து வரும். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்கு நெஞ்சு அடைத்துப்போகும். நீங்கள் இரண்டாம் வகை என்றால் வேறு ஊருக்குக் கொடுத்தனுப்புங்கள். நைந்த பருத்தி வேட்டியைப் பேரக் குழந்தைக்குத் துணியாகப் பயன்படுத்துகிற வீடுகளும் உண்டு, ஆகாது என்கிற வீடுகளும் உண்டு. உங்கள் வீட்டு வழக்கப்படி செய்யுங்கள்.

தலைத்திவசம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம், குளியல் எதிலும் நாட்டமில்லாமல் கிடந்தால், அது பீரோவின் விஷயம் அல்ல. தயங்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: "யாதனின் யாதனின் நீங்கியான்" குறள் துறவிக்குச் சொன்னதுதானே? குடும்பத்தில் இருப்பவனுக்கு அதனால் என்ன பயன்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: துறவு என்னும் 35ஆம் அதிகாரத்தின் முதல் குறள் அது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: "யாதனின் யாதனின் நீங்கியான் நோதல் அதனின் அதனின் இலன்." உதடு ஒரு தடவைகூட ஒட்டாது. அதே அதிகாரத்தின் கடைசிக் குறள் "பற்றுக" என்று தொடங்குகிறது, அதில் உதடு ஒட்டிக்கொண்டே இருக்கும். இதைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

குடும்பஸ்தனுக்கு வேண்டியது அந்த "யாதனின் யாதனின்" என்ற அடுக்கில் இருக்கிறது. எதை எதை விட்டானோ, அதனால் அதனால் வரும் நோவு அவனுக்கு இல்லை. மொத்தத்தையும் விடு என்று வள்ளுவர் அந்த இடத்தில் கேட்கவில்லை. ஒன்றை விட்டால் அந்த ஒன்றின் வலி போகும் என்று கணக்குச் சொல்கிறார். நம்மில் பலர் "இன்றிலிருந்து கோபத்தை விடுகிறேன்" என்று தொடங்கி மூன்றாம் நாள் தோற்றுப்போகிறோம். கோபம் என்பது ஒரு தலைப்பு, அதைக் கையில் பிடிக்க முடியாது. "மருமகள் குக்கரில் எத்தனை விசில் விடுகிறாள் என்று எண்ணுவதை விடுகிறேன்" என்றால் பிடி கிடைக்கிறது. ஒரு வாரத்துக்கு அந்த ஒன்று மட்டும். எண்ணத் தொடங்கியது தெரிந்ததும் வாசலுக்கு எழுந்து போய்விடுங்கள். அது பழகினபின் அடுத்தது.

கேள்வி: அப்பா இறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. ஊர் வீடும் ஒன்றரை ஏக்கர் தோப்பும் அவர் பெயரில் இருக்கின்றன. உயில் இல்லை. அண்ணன்கள் இருவரும், என் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வரச் சொல்கிறார்கள். "நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு, இன்னும் என்ன பற்று? விட்டுக் குடுத்தா நிம்மதியா இருப்பே" என்கிறார்கள். எனக்குச் சொத்தில் ஆசை இல்லை. ஆனாலும் மனசு கசக்கிறது. இது என் பேராசையா?
– பெயர் வெளியிட வேண்டாம், பொள்ளாச்சி

பதில்: இல்லை. தங்களுக்கு லாபம் வரும் இடத்தில் இன்னொருவருக்குப் பற்றறுக்கச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தகுதி கிடையாது. என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து, வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பும் இருந்து, அதன்பின் கொடுத்தால்தான் அது விட்டுக்கொடுத்தல். மற்றதெல்லாம் பறிகொடுத்தல். உங்கள் மனசு கசப்பது இந்த வித்தியாசம் அதற்குத் தெரிந்திருப்பதால்தான்.

முதல் வேலை, இப்போது கையெழுத்துப் போடாமல் இருப்பது. சண்டையும் வேண்டாம். "அண்ணா, எனக்கு ரெண்டு மாசம் டைம் வேணுங்க. பத்திரத்தோட நகலைக் குடுங்க, படிச்சுப் பாத்துட்டு நானே வர்றேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் சொல்லத் தொடங்கினால் அழுகை வரும், அழுகையில் சம்மதமும் வரும். அந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் பங்கு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் இல்லாவிட்டால் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு. பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பாட்டி இல்லை என்று வைத்துக்கொண்டால் உங்கள் வீட்டில் அம்மா, இரண்டு அண்ணன், நீங்கள்: ஆளுக்குக் கால் பங்கு. பூர்வீகச் சொத்து என்றால், தமிழ்நாடு 1989லேயே மகள்களுக்குப் பங்கு கொடுத்தது, அப்போது திருமணமாகாதவர்களுக்கு மட்டும். 2005ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்தது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்தாரா என்பது முக்கியமில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று 2020ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பாகம் பிரிந்திருந்தால் அதைக் கிளற முடியாது. கல்யாணத்துக்குப் போட்ட நகை இந்தக் கணக்கில் கழியாது.

காகிதங்களைப் பாருங்கள். மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, வட்டாட்சியர் கொடுக்கும் வாரிசுச் சான்று. வில்லங்கத்தை முடிந்தவரை பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். பதிவு செய்த அடமானம் இருந்தால் அதில் தெரியும். தோப்பின் இன்றைய விலையைப் பக்கத்துத் தோப்பு விற்ற விலையை வைத்து விசாரியுங்கள். அரசு வழிகாட்டி மதிப்பு பல இடங்களில் சந்தை விலைக்குக் கீழே இருக்கும். பிறகு, அண்ணன்கள் அழைத்து வராத ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

அதன்பின் யோசிக்க நாலு வழி இருக்கிறது. பங்கை நிலமாக எடுக்கலாம், பணமாக வாங்கலாம், தோப்பை விட்டுவிட்டு வீட்டில் மட்டும் பங்கு வைத்துக்கொள்ளலாம். நான்காவது வழியைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை: உங்கள் பங்கை அண்ணன்களுக்கு எழுதாமல் அம்மா பெயருக்கு விடுதலை செய்து கொடுப்பது. அம்மாவின் காலம்வரை அவருக்கு வீட்டில் குரல் இருக்கும். முழுதும் விட்டுக்கொடுப்பது என்று அப்போதும் உங்களுக்குத் தோன்றினால், சந்தோஷமாகக் கொடுங்கள். ஆனால் பத்திரத்தில் "தொகை பெற்றுக்கொண்டேன்" என்று வரி இருந்தால், அந்தத் தொகை வங்கி வழியாக வந்து சேர்ந்தபின் கையெழுத்திடுங்கள். பதிவான விடுதலைப் பத்திரத்தைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

முடிவு சரிதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வருகிற பொங்கலுக்கு அண்ணன் சீர் கொண்டு வருகிறார், தட்டில் மஞ்சள் கொத்தும் புடவையும் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தட்டை வாங்கும்போது தோப்பில் எத்தனை தென்னை இருந்தது என்று கணக்கு ஓடினால், நீங்கள் இன்னும் விடவில்லை. அப்படியானால் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் உறவுக்கு நல்லது.

கேள்வி: தினமும் விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கடன், மகன் படிப்பு, ஆபீஸ் என்று மனம் ஓடுகிறது. தியானம் செய்து பார்த்தேன், இன்னும் வேகமாக ஓடுகிறது. வயது 46.
– வாசகர், அம்பத்தூர்

பதில்: இரவின் பின்பாதியில் தூக்கம் எல்லாருக்கும் மெலிதாகிவிடும். மூன்று மணிக்குக் கண் விழிப்பது நோயில்லை; விழித்ததும் மணி பார்த்து "இன்னும் இரண்டரை மணி நேரந்தான்" என்று கணக்குப் போடுவதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. முதலில் கடிகாரத்தையும் செல்போனையும் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். அலாரம் அடித்தால் காது கேட்கும் தூரம் போதும்.

மூச்சுப் பயிற்சி செய்யலாம், ஆனால் மூன்று மணிக்குப் புதிதாகக் கற்க முடியாது. பகலில் பழகியிருக்க வேண்டும். மாலையில், சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆனபின், முதுகு நிமிர்ந்து நாற்காலியில் உட்காருங்கள். மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். எண்ணுக்கு ஒரு விநாடி என்றால் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு வரும். ஐந்து நிமிஷம் போதும். மூச்சை அடக்க வேண்டாம். பலரும் செய்யும் தவறு, நெஞ்சு புடைக்க இழுப்பது. அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும், பயம் இன்னும் கூடும். பூ முகர்கிற அளவுக்கு இழுத்தால் போதும். நீளமாக விடுவதில்தான் பலன். மனம் ஓடினால் ஓடட்டும், விட்ட எண்ணிலிருந்து தொடருங்கள். நீங்கள் தியானத்தில் மனதை நிறுத்தப் பார்த்திருப்பீர்கள், அதனால்தான் அது துள்ளியிருக்கிறது.

கவலைக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள். இரவு ஏழு மணிக்குப் பதினைந்து நிமிஷம், ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை, கிழமையோடு. "தனிநபர் கடன்: வியாழன் வங்கிக்குப் போய் மீதித் தொகைக் கணக்கு வாங்க வேண்டும்." செய்ய ஒன்றுமே இல்லாத கவலைக்கு எதிரே "என் கையில் இல்லை" என்றே எழுதுங்கள். மூன்று மணிக்கு அதே கவலை வரும்போது, நோட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். எழுதாமல் மனதுக்குள்ளேயே செய்தால் இது பலிக்காது. மறந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் மனம் திரும்பத் திரும்ப ஒப்பிக்கிறது.

மற்றவை சுருக்கமாக. மாலை ஐந்து மணிக் காபியில் ஏறக்குறைய பாதி, இரவு பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும். மதியம் இரண்டுக்குப் பிறகு வேண்டாம். இருபது நிமிஷம் போலப் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கியபின் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரத்தில் இருக்கட்டும். சிறுநீர் கழிக்க எழுவதால்தான் விழிப்பு வருகிறது என்றால் சர்க்கரையும் புராஸ்டேட்டும் பரிசோதிக்க வேண்டும்; பலத்த குறட்டை இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விடிகாலை விழிப்போடு சாப்பாட்டில் வெறுப்பும், பிடித்ததில்கூட மனம் செல்லாத நிலையும் சேர்ந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

கேள்வி: சவூதியில் டிரைவர் வேலை. இரண்டு வருடம் முன்பு அப்பா இறந்தபோது என்னால் வர முடியவில்லை. கொள்ளி வைக்காத பிள்ளை என்ற எண்ணம் போகவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், ரியாத்

பதில்: தம்பி, ஒரு தாளை எடுத்து அன்றைக்கு நடந்ததை மணிவாரியாக எழுதுங்கள். எத்தனை மணிக்குப் போன் வந்தது, பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது, ஊருக்குப் போய்வர அனுமதி எப்போது கிடைத்திருக்கும், அதற்கடுத்த விமானம் எது, திருச்சியிலோ சென்னையிலோ இறங்கி ஊர் போய்ச் சேர எவ்வளவு நேரம், அங்கே எப்போது எடுத்தார்கள். குற்ற உணர்ச்சி இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. "வந்திருக்கலாம்" என்று ஒரே சொல்லில் அடிக்கிறது. எழுதிப் பார்த்தால் பலருக்கு, பறந்தே வந்திருந்தாலும் சிதை அணைந்தபின்தான் சேர்ந்திருப்போம் என்று தெரியவரும். கையில் இல்லாத நேரத்துக்காகத் தன்னைத்தானே தண்டித்துக்கொண்டிருந்தது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

கணக்கில் உண்மையாகவே உங்கள் தவறு ஏதாவது வந்தால், உதாரணமாக அதற்கு முந்தைய மாதம் அவர் போனை எடுக்காமல் விட்டது, அதை மறைக்காமல் தனியாக எழுதுங்கள். அது வருத்தம். வருத்தத்துக்கு ஈடுசெய்ய வழி இருக்கிறது. அப்பா யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார், எந்த வேலையைப் பாதியில் விட்டார் என்று அம்மாவிடம் கேளுங்கள். பேத்தியின் பள்ளிக் கட்டணமோ, வருஷா வருஷம் குலதெய்வத்துக்குக் கொடுத்த அரிசியோ, ஏதாவது ஒன்று இருக்கும். அந்த ஒன்றை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரம் குறித்துக்கொண்டு தினமும் அம்மாவோடு பத்து நிமிஷம் பேசுங்கள். அடுத்த விடுமுறையில் திதி வருகிற வாரமாகப் பார்த்து டிக்கெட் போடுங்கள். ஆற்றங்கரையில் உங்கள் கையால் எள்ளும் தண்ணீரும் இறைத்தால் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளும். திதி ஆங்கிலத் தேதியில் வராது, ஒவ்வொரு வருஷமும் மாறும். மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி மூன்றையும் பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் உறுதி செய்துவிட்டு லீவுக்கு எழுதுங்கள்.

கேள்வி: திருவண்ணாமலை கிரிவலம் போனால் மனம் அமைதியாகும் என்கிறார்களே?
– வாசகி, ஓசூர்

பதில்: ஆகும், ஆனால் பௌர்ணமியில் அமைதியை எதிர்பார்க்காதீர்கள். அது திருவிழா, அதன் பலன் வேறு. அமைதி வேண்டுமானால் சாதாரண நாளில், விடிகாலை நாலரை மணிக்கு ராஜகோபுரத்திலிருந்து தொடங்குங்கள். பாதை 14 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் நாலிலிருந்து ஐந்து மணி நேரம். மலை எப்போதும் வலப்பக்கம் இருக்கும், வழி தேட வேண்டியதில்லை, எதையும் தீர்மானிக்க வேண்டியதில்லை. மனம் இளைப்பாறுவது அதனால்தான். இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள் வழியில் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் கால் வலி பாதியாகக் குறையும்.

செருப்பில்லாமல் நடக்கப் பழக்கம் இல்லாதவர்கள், இரண்டு வாரம் முன்பிருந்தே வீட்டு மாடியிலும் மண்ணிலும் அரைமணி வெறுங்காலில் நடந்து பழகட்டும். ஒன்பது மணிக்கு மேல் தார்ச்சாலை சுடத் தொடங்கும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. கொப்புளம் வருவது தெரியாது, அது புண்ணாகும். அண்ணாமலையார் செருப்பைப் பார்க்க மாட்டார். கும்பலாகப் போனால் பேச்சு வீட்டுக் கதைக்குத் திரும்பிவிடும். இருவராகப் போங்கள், முதல் பாதி பேசாமல் நடப்பது என்று முன்பே சொல்லிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் ஓய்வுபெற்று ஐந்து மாதம். தாசில்தார் அலுவலகத்தில் அதிகாரம் செய்தவர். இப்போது ஃபிரிட்ஜில் தக்காளி எத்தனை என்று எண்ணுகிறார்.
– வாசகி, விருதுநகர்

பதில்: அம்மா, முப்பது வருஷம் ஃபைல் பார்த்த கண் அது, உடனே ஓயாது. அவரிடம் "சும்மா இருங்களேன்" என்று சொல்லாதீர்கள். சும்மா இருக்கத்தான் அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் ஏதாவது இரண்டு பொறுப்பை முழுதாக அவரிடம் விடுங்கள். தண்ணீர் மோட்டாரும் மின்கட்டணமும், அல்லது காய்கறி வாங்குவதும் வீட்டுக் கணக்கும். முழுதாக என்றால் முழுதாகத்தான்: முற்றிய வெண்டைக்காய் வாங்கி வந்தாலும் நீங்கள் திருத்தக் கூடாது. இரண்டு வாரத்தில் காம்பை ஒடித்துப் பார்த்து வாங்கப் பழகிவிடுவார். பதிலுக்கு அடுப்படி உங்களுடையது என்று தெளிவாகச் சொல்லுங்கள், சாப்பிடும் நேரத்தில் அல்ல, மாலையில் வெளியே நடக்கும்போது. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவர் வீட்டுக்கு வெளியே இருக்கும்படி ஓர் ஏற்பாடு வேண்டும்; நூலகம், கோயில் நந்தவனம், பட்டா மாறுதலுக்கு மனு எழுதத் தெரியாமல் நிற்பவர்களுக்கு இலவசமாக எழுதிக்கொடுப்பது. கடைசியாகச் சொன்னதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த வேலை, அதிகாரம் இல்லாமல் செய்யலாம்.

கேள்வி: முப்பது வருஷ டைரிகள் இருக்கின்றன. என் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் படிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அழித்துவிடலாமா? அபார்ட்மென்ட்டில் எரிக்க முடியாது.
– வாசகி, கோவை

பதில்: அழிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒருமுறை மட்டும் புரட்டி, கொடுக்கல் வாங்கல், நிலம் வாங்கிய தேதி, பிள்ளைகள் பிறந்த நேரம், வீட்டு வைத்தியக் குறிப்பு போன்றவற்றை ஒரே நோட்டில் எடுத்தெழுதிக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவது உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு டைரி என்று வரம்பு வையுங்கள். பிள்ளைகளுக்காக விட்டுவைக்க ஒரு பக்கமாவது கண்ணில் பட்டால் கத்தரித்து ஒரு உறையில் போடுங்கள்.

எரிக்காமல் அழிக்கத் தண்ணீர் போதும். ரெக்சின் அட்டையையும் தைத்த நூலையும் பிரித்துவிட்டு, பத்துப் பத்துத் தாளாகக் கிழித்து, ஒரு பக்கெட் வெந்நீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். கட்டாகப் போட்டால் நடுத்தாள்கள் நனையாது. பேனா மை கரைந்துவிடும். பால்பாயின்ட் மை எண்ணெய் கலந்தது, ஊறினாலும் எழுத்து அப்படியே இருக்கும். அதனால் காலையில் கையால் நன்றாகப் பிசைந்து கூழாக்க வேண்டும். அந்தக் கூழைச் சிங்க்கிலோ கழிப்பறையிலோ ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். பழைய துணியில் வடித்துப் பிழிந்து, உருண்டையாக்கி, பால்கனியில் இரண்டு நாள் காயவைத்து, மக்கும் குப்பையில் போடுங்கள்.